நான்கு வினாடிக் காவலன்

படத்தில் அவன் வருவது நான்கு வினாடி.
பாலத்தின் ஓரம், மழை, முதுகு.
வலக்கையில் விளக்கு, இடக்கை கேடயத்துக்குப் பின்னால்.
அரசி குதிரையில் கடந்து போகிறாள்.
எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம்.

வசனமில்லாத அவனுக்கும் ரசிகர்கள் உண்டென்று
விற்பனைப் பிரிவின் மார்கிட் சொன்னாள்.
ஆறில் ஒரு பங்கு உயரம், எழுநூற்றைம்பது பிரதி,
ஈஸ்டருக்குள் வேண்டும்.

முகம்?

"உன் இஷ்டம்."

மிராமரில் அந்த வாரம் முழுக்கத் தென்காற்று.
பட்டறையின் தகரக் கூரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
கம்பியை முறுக்கி எலும்பு செய்தேன்,
சாம்பல் களிமண்ணைச் சூடாக்கிச் சதை வைத்தேன்,
பல் மருத்துவரிடம் கெஞ்சி வாங்கிய கொக்கியால்
தாடியை ஒவ்வொரு மயிராகக் கீறினேன்.
மூக்கு, இரண்டாம் எண் பேருந்தின் ஓட்டுநருடையது.
அவருக்குத் தெரியாது.
நெற்றிச் சுருக்கம், வீட்டுக்கடன் வட்டி ஏறிய அன்று
கண்ணாடியில் கண்டது.

யாரும் பார்க்காத இடக்கைக்குத்தான் அதிக நாள் ஆனது.
கேடயத்தைக் கழற்றுகிறவர்கள் இருப்பார்களே என்று
ஐந்து விரலும் தோல்வாரைப் பற்றியிருக்கும்படி வைத்தேன்.
சுண்டுவிரல் நகம் எள்ளளவு,
அதனடியில் ஒரு கோடு அழுக்கு.

அச்சு அசல் என்பார்கள்.
எங்கள் தொழிலில் அச்சு மிஞ்சும்.
சிலிக்கோன் இறுகிப் பிளக்கும்போது
அசல் பெரும்பாலும் உடைந்துதான் வெளியே வரும்.
அப்புறம் ரெசின், அப்புறம் கப்பல்.
கண் திறப்பதும் நானில்லை.
ஜொங்ஷானில் ஒரு தொழிற்சாலையில்
யாரோ ஒருத்தி
நாளைக்கு எண்பது முறை
மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவிழி வைக்கிறாள்.
திரும்பி வந்த மாதிரியில் அவன்
சற்றே இடப்பக்கம் பார்த்தான்.
நான் கொடுத்தது நேர்ப்பார்வை.
விட்டுவிட்டேன்; அவள் கையில் அவன்
யாரையோ எதிர்பார்ப்பவன் ஆகியிருந்தான்.

நவம்பரில், பட்டறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஞாயிறு,
கப்பல் நிறுவனத்தின் மழைச்சட்டையோடு ஒருவர் வந்தார்.
ஹோஹெப்பா. பிக்டன் போகும் கப்பலில் வடம் கட்டுபவர்.
கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்து
நெடுநேரம் விலைச்சீட்டையே படித்தார்.
"அறுநூற்று நாற்பத்தொன்பது டாலர்.
எனக்கு நூற்று நாற்பதும் ஒரு முட்டை சாண்ட்விச்சும் தந்தார்கள்."

எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது.
அவர் திரும்பி நின்று காட்டினார்.
அந்த முதுகை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வேன்,
இரண்டு மாதம் அதோடு குடியிருந்தவள் நான்.

"மூக்கு பரவாயில்லை," என்றார்,
"என்னுடையதைவிட ஒழுங்கு.
கேடயத்தை எடுங்கள், பார்ப்போம்."
எடுத்தேன்.
தன் இடக்கையை விரித்து அதன் பக்கத்தில் வைத்தார்.
நான்கு.
குக் நீரிணையில், வடம் இறுகிய ஒரு நொடியில் போனதாம்,
பதினாறு வருடம்.
"இதை மறைக்கத்தானே கேடயமே கொடுத்தார்கள்."

எழுநூற்றைம்பது சுண்டுவிரல்கள்
அதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன.
ஒசாகாவில், மான்டெர்ரேயில்,
தூசி படியாத அலமாரிகளில்
ஒரு விரல் கூடுதலாக நின்றுகொண்டிருந்தான்.
பெட்டியில் இருந்தது எனக்கென்று ஒதுக்கிய பிரதி, எண் இல்லாதது.
மெல்லிய ரம்பத்தால் இரண்டு இழுப்பு.
பொடியை ஊதினேன். வெட்டுவாயில் தோல்நிறம் ஒற்றினேன்.
எடுத்துக்கொள்ளுங்கள் என்று காவலனை நீட்டினேன்.

வேண்டாமென்று தலையசைத்தார்.
வீட்டில் பூனை இருக்கிறதாம், எதையும் தள்ளிவிடுமாம்.
பிறகு மேசையில் கிடந்த விரலைக்
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
எறும்பைப் பிடிப்பதுபோலப் பிடித்து,
"இது என்னுடையது" என்றார்.

பயணச்சீட்டில் மடித்துச் சட்டைப்பையில் வைத்து,
பித்தான் போட்டு,
மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு
இரண்டே முக்கால் கப்பலுக்கு ஓடினார்.

வருடக் கடைசிக் கணக்கெடுப்பில்
மார்கிட் எழுதியிருந்தாள்: இடக்கை, சேதம்.
அடித்துவிட்டு
இடக்கை, சரி
என்று எழுதினேன்.